கோழி மண்டைக்குள் போகும் வெளிச்சம்

மண்டபம் இது இல்லீங்க. ரோட்டுக்கு அக்கட்ட. இது கோழிப்பண்ணை. எல்லாரும் இங்க வந்துதான் கேக்கறாங்க. நம்ம கேட்டு பெருசா இருக்குது, மண்டபத்துக் கேட்டு உள்ள தள்ளி இருக்குது, அதான். அங்கத்த மேனேஜரு சாப்பிடப் போயிருப்பான். இப்பப் போனாலும் ஆளு இருக்காது. உக்காருங்க. அந்தத் தொட்டியில மட்டும் காலை நனைச்சுட்டு வாங்க. செருப்போடயே நனைக்கலாம். மருந்துத் தண்ணி. வழியில நீங்க எங்க எதை மிதிச்சீங்களோ, அந்தச் சீக்கு இங்க வரக்கூடாது பாருங்க.

பொண்ணு கல்யாணமா? பையனுக்கா? சரிங்க. நல்ல மண்டபம்தான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். கார் நிறுத்த எடம் இருக்குது. தண்ணி நல்லாருக்கும். லைட்டு மட்டும்தான். அந்த லைட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லீட்டா நீங்க போலாம்.

வசந்தாமணி! ரெண்டு டீ.

ஆமாங்க, நீங்க நினைக்கறது சரி. வசந்தாமணி மகால். அதே பேருதான். என்ற சம்சாரம் பேரு. மண்டபத்துக்காரன் அவளுக்குத் தம்பி. கொழந்தவேலு. மண்டபம் கட்டி முடிச்சு, மொகப்புல அக்கா பேரை ஆளு ஒசரத்துக்கு எழுதி, செகப்பு லைட்டு போட்டுட்டான். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. பச்சையில போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. செகப்புதான் தப்பு. ஏன்னு சொல்றேன்.

கோழி எதனால முட்டை போடுதுன்னு நினைக்கறீங்க? தீனியாலன்னு சொல்லுவீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. தீனி வேணும்தான். ஆனா தீனி போட்டா மட்டும் முட்டை வராதுங்க. வெளிச்சம் வேணும். வெளிச்சம்னா கண்ணுல படறது மட்டும் இல்ல. குருட்டுக் கோழிக்கும் வெளிச்சம் தெரியும். மண்டையோட்டத் தாண்டி நேரா மூளைக்குள்ள போகும். மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. கடுகாட்டம் இருக்கும். பொழுது நீண்டுபோச்சு, குஞ்சு பொரிக்கற காலம் வந்துருச்சுன்னு மூளை அதுக்குச் சேதி சொல்லும். உடனே அது ரத்தத்துல ஹார்மோனை விடும். ஒரு ஹார்மோன் போயி மஞ்சக்கருவை வளர்க்கும். வயித்துக்குள்ள பாத்தீங்கன்னா திராட்சைக் கொத்தாட்டம் இருக்கும், ஒண்ணு பெருசா, அடுத்தது கொஞ்சம் சிறுசா. அதுல பெருசானதை உடைச்சு எறக்கி விடறது இன்னொரு ஹார்மோன். அதுவும் அதே கடுகுல இருந்துதான் வருது. கோழி வாழ்க்கையே அந்தக் கடுகுதாங்க.

இதெல்லாம் எனக்கு யாரு சொன்னதுன்னா, எம்பொண்ணு பிருந்தா. கால்நடை டாக்டருக்குப் படிச்சவ. பரிச்சைக்குப் படிக்கறப்ப சத்தமாப் படிப்பா, நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருப்பேன். செகப்பு வெளிச்சம்தான் மண்டையோட்டத் தாண்டி நல்லா உள்ள போகும்னு படிச்சதும் அவதான். ஞாபகம் வெச்சுக்கங்க. நானாச் சொல்லலை.

இப்ப, முட்டை போடற கோழிக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குடுக்கலாம். விடியறதுக்கு முந்தி லைட்டு போடுவோம், பொழுது போயும் போடுவோம். ஆனா வளர்ற கோழி இருக்குது பாருங்க, இன்னும் முட்டைக்கு வராதது, குரோயர்னு சொல்லுவோம், அதுக்கு மட்டும் கூட்டவே கூடாது. சூரியன் குடுக்கறதோட நிறுத்திக்கோணும். உடம்பு முத்தறதுக்குள்ள வெளிச்சம் கூடிட்டா, கடுகு முழிச்சுக்கும். இடுப்பெலும்பு விரிஞ்சிருக்காது, கொழுப்பு ஏறியிருக்காது, அதுக்குள்ள முட்டை வந்துரும். புறா முட்டையாட்டம். அது வெளிய வரும்போது குடலோட சேத்துத் தள்ளிரும். செகப்பா ஒண்ணு தொங்கறதைப் பாத்தா மத்த கோழி சும்மா இருக்குமா? கொத்தும். கொத்தியே கொன்னுரும்.

டீ எடுத்துக்கங்க. சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க.

கொழந்தவேலு யாருன்னு சொல்லலையே. எனக்குக் கல்யாணம் ஆனப்ப அவன் டவுசர் போட்ட பையன். மறுவீட்டுக்கு அக்காகூட வந்தான், திரும்பிப் போகலை. பள்ளிக்கூடம் இங்கியே. அப்புறமேலு நானும் அவனும் ஒட்டுக்கா இந்தப் பண்ணையைப் போட்டோம். இந்தக் கோழி செட்டுக்குக் கம்பி கட்டினது நாங்க ரெண்டு பேருதான். மத்தியானம் அந்த வேப்பமரத்தடியில ஒரே தூக்குப்போசியில சாப்பிடுவோம். அதெல்லாம் இப்ப எதுக்கு. ஒரு நாள் வந்து, "மாமா, நான் கோழியை உட்டுர்றேனுங்க"ன்னான்.

எதுக்குன்னா, பட்டினி போடறது. ஒரு வருசம் முட்டை போட்ட கோழி சலிச்சுப்போகும். அதை விக்காம மறுபடி முட்டைக்குக் கொண்டுவரணும்னா, அந்தக் காலத்துல தீனியை நிறுத்திருவோம். லைட்டையும் நிறுத்திருவோம். ஹார்மோன் எல்லாம் எறங்கிரும். எறகு பூரா கொட்டிரும். அப்புறம் தீனி போட்டா புது எறகு முளைச்சு, புதுசா முட்டைக்கு வரும். எல்லாப் பண்ணையிலயும் செஞ்சதுதான். இவனுக்கு மட்டும் ஒத்துக்கலை. வெறும் தீனி வண்டியைத் தள்ளிட்டுப் போனாக்கூட அத்தனை கோழியும் தலையை நீட்டிக் கத்துதுங்க மாமா, காதுலயே இருக்குதுங்கன்னான். இதெல்லாம் ஒரு காரணமா? இப்ப நாங்க அப்படிப் பண்றதும் இல்லை, பிருந்தா விடலை. தவிட்டுத் தீனி குடுத்தே எறக்கறோம். அதை அவன்கிட்டச் சொல்லலாம்தான். அவன் கேக்கலை, நான் சொல்லலை.

பங்கைப் பிரிச்சுக் குடுத்தேன். ரோட்டுக்கு அக்கட்ட இருந்த நிலம். மக்காச்சோளம் போடுவான்னு பாத்தேன். மண்டபம் கட்டிட்டான்.

மண்டபம் தொறந்தப்ப என்ற செட்டுல குரோயர் இருந்துச்சு. தொறப்பு விழாவுக்கு நான் போகலை. கோழிக்கு ஊசி போடற நாள். ஊசியைத் தள்ளிப்போட முடியுங்களா? வசந்தாமணி போயிட்டு வந்தா. வந்து, "தம்பி உங்களைக் கேட்டான்"ன்னா. கேக்கட்டும்னேன்.

அன்னிக்குப் பொழுதோட லைட்டைப் போட்டான் பாருங்க. செட்டுக்குள்ள நின்னு பாத்தா, வசந்தாமணி வசந்தாமணின்னு அந்தப் பக்கம் பூரா செகப்பா எரியுது. கோழி எல்லாம் அதையே பாத்துட்டு நிக்குது. நான் நினைச்சேன், முடிஞ்சுது, கடுகு முழிச்சுக்கப் போகுதுன்னு.

அன்னியிலிருந்து காவல். சும்மா விட முடியுங்களா? அவன் எத்தனை மணிக்கு லைட்டு போடறான், எத்தனை மணிக்கு அணைக்கறான்னு தெரியணும் இல்ல? செட்டுக் கோடியில கட்டிலைப் போட்டேன். கட்டிலுக்கு மேல ஒரு டியூப்லைட்டு மாட்டினேன். பக்கத்து மக்காச்சோளக் காட்டுல இருந்து பாம்பு வரும். தினம் பொழுதெறங்குனா போயி உக்காந்துக்குவேன், விடியறவரைக்கும். முகூர்த்தம் இல்லாத நாள்ல அவன் லைட்டே போட மாட்டான். அதுக்காக நான் போகாம இருக்க முடியாது. திடீர்னு போட்டுட்டான்னா? வசந்தாமணி வந்து வந்து கூப்பிடுவா. "ஏனுங்க, வந்து படுங்க. அவன் வீட்டுக்குப் போயிட்டானுங்க, கேட்டைப் பூட்டிட்டானுங்க." நான் அசைய மாட்டேன். அவன் ஆபீஸ் ரூமு ஜன்னல் நம்ம கட்டிலுக்கு நேரா இருக்கும். அவன் யாருகூட உக்காந்து சாப்பிடறான்னு எல்லாம் தெரியும். தனியாத்தான் சாப்பிடுவான். கவனிச்சதில்லை, கண்ணுல பட்டுச்சு.

நான் பயந்த மாதிரியே ஆச்சுங்க. நாளு வர்றதுக்கு வெகு முன்னாடியே முட்டை. சின்னச் சின்னதா, ரத்தம் தீத்துன மாதிரி. அப்புறம் குடல் தள்ள ஆரம்பிச்சுது. காலையில போனா கூண்டுக்கூண்டாச் செத்துக் கெடக்கும். குழி வெட்டிப் பொதைச்சுப் பொதைச்சு வேலைக்காரங்களுக்குக் கையெல்லாம் காப்புக் காச்சுருச்சு. எனக்குச் சோறு எறங்கலை. வளர்த்த கோழிங்க. குஞ்சா வந்தப்ப ஒவ்வொண்ணுக்கும் மூக்கைத் தண்ணியில நனைச்சுக் குடிக்கக் கத்துக் குடுத்தது நான்.

ஸ்டேசனுக்குப் போனேன். எஸ்.ஐ. ஒரு அம்மா. புதுசா வந்தவங்க. மரியாதையா உக்கார வெச்சுக் கேட்டாங்க.

"என்ன பிரச்சனைங்க?"

"லைட்டைப் போட்டு பிட்யூட்டரியைத் தூண்டறானுங்க."

"எதைத் தூண்டறாரு?"

"பிட்யூட்டரி. மூளைக்கு அடியில இருக்கறது."

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. "உங்களுக்குத் தலையில ஏதாச்சும் வலி இருக்குங்களா?"

"எனக்கு இல்லீங்க. கோழிக்கு."

அப்புறம் முழுசா விளக்கினேன். ஏட்டு ஒருத்தர் எழுந்து வெளிய போயிட்டாரு. அந்தம்மா கடைசிவரைக்கும் கேட்டாங்க. கேட்டுட்டு, "அவரு உங்களுக்கு என்ன வேணும்?"ன்னாங்க. மச்சினன்னு சொன்னேன். "போர்டுல இருக்கற பேரு?" சம்சாரம்னு சொன்னேன். அப்புறம் அவனைப் போன்ல கூப்பிட்டாங்க.

வந்தான். எனக்குப் பக்கத்து நாற்காலி காலியா இருந்துச்சு, உக்காரலை, நின்னுட்டே இருந்தான். சண்டை போடுவான்னு நான் தயாராப் போயிருந்தேன். செகப்பு வெளிச்சத்தோட அலைநீளம் என்ன, மண்டையோட்டோட கனம் என்ன, எல்லாம் மனப்பாடம். அவன் என்னடான்னா, "மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மேடம். பொழுது எறங்கினா அணைச்சர்றேன். உள்ள மட்டும் எரியட்டும்"ன்னுட்டான். அவ்வளவுதான். எஸ்.ஐ. அம்மா என்னையப் பாத்து, "வேற ஏதாச்சும் இருக்குங்களா?"ன்னாங்க. வேற என்ன இருக்குது?

எனக்கு வந்த கோவம் இருக்குதே. ஒரு மனுசன் நியாயத்தோட வந்திருக்கான், எதுத்து ஒரு வார்த்தை பேசறதுதானே மரியாதை? வீட்டுக்கு வந்து வசந்தாமணிகிட்டச் சொன்னேன், உன்ற தம்பி என்னைய அவமானப்படுத்திட்டான்னு. அவ வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. உரிச்சுட்டே இருந்தா.

அவன் சொன்ன மாதிரியே அணைச்சுட்டான். அதை உறுதிப்படுத்தோணும் இல்லீங்களா? அதனால நான் காவலை விடலை. ஆனா கோழி சாகறது நிக்கலை. அப்பத்தான் வசந்தாமணி பிருந்தாவுக்குப் போன் போட்டு வரச்சொன்னா. எனக்குத் தெரியாம.

பிருந்தா வந்தா, செத்த கோழியை அறுத்துப் பாத்தா, தீனியைப் பாத்தா, தண்ணியைப் பாத்தா. அப்புறம் பையில இருந்து ஒரு கருவியை எடுத்தா. வெளிச்சம் அளக்கறது. மாமனுக்குப் போன் பண்ணி மண்டபத்து லைட்டு எல்லாத்தையும் போடச் சொன்னா. கோழி தலை இருக்கற எடத்துல கருவியை வெச்சு அளந்தா. அப்புறம் அதை அணைக்கச் சொல்லிட்டு, என்ற டியூப்லைட்டைப் போட்டு அளந்தா. மறுபடி அதை அளந்தா, இதை அளந்தா. என்னைய ஒரு பார்வை பாத்தா.

"அப்பா. மாமா லைட்டு இங்க வர்றப்ப நெலா வெளிச்சம் மாதிரிதாம்ப்பா இருக்குது. அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. இந்த டியூப்லைட்டை எத்தனை நாளா எரிய விடறீங்க?"

"அது பாம்புக்கு."

"கோழிக்கு அது தெரியாதுல்லப்பா."

நான் கேட்டேன், செகப்பு வெளிச்சம் உள்ள போகும்னு படிச்சியே, அது என்னாச்சுன்னு. போகும்ப்பா, போறதுக்கு வெளிச்சம் வேணும்ல, உங்க டியூப்லைட்டுதான் ராத்திரியைப் பகலாக்கிருச்சுங்கறா. பாத்தீங்களா? படிச்ச பொண்ணு. ஆனா மாமன் மேல பாசம் சின்ன வயசுல இருந்தே ஜாஸ்தி. அவன் முதுகுல ஏறித்தான் திரியுவா. கருவிக்கு பேட்டரி எறங்கியிருந்தாக்கூடத் தப்பாக் காட்டும். அதைச் சொன்னேன். அவ கருவியைப் பையில போட்டுட்டா.

பதில் சொன்னது வசந்தாமணி. நேரா செட்டுக்குப் போனா. கட்டில் மேல ஏறி நின்னு டியூப்லைட்டைக் கழட்டினா. தோள்ல சாத்திட்டுச் சமையக்கட்டுக்குப் பின்னால கொண்டுபோயி வெச்சுட்டா. கட்டிலையும் ஆளை விட்டுத் தூக்கி வீட்டுக்குள்ள போட்டுட்டா.

"பாம்பு கடிச்சா?"ன்னேன்.

"கடிக்கட்டும்"ன்னா.

இத்தனை வருசத்துல அவ என்னைய அப்படிப் பேசினதில்லை. நானும் சரின்னு விட்டுட்டேன். பொம்பளை கோவத்துக்கு மரியாதை குடுக்கோணும்.

அடுத்த பேட்ச் குரோயர் வந்துச்சு. ஒரு குறையும் இல்லை. நல்லா வளர்ந்துச்சு. நீங்க கேப்பீங்க, அப்ப டியூப்லைட்டுதானே காரணம்னு. அது இல்லீங்க. அது மார்கழி. மண்டபத்துல கல்யாணமே இல்லை. அதை ஒருத்தரும் யோசிக்கலை பாருங்க.

தை பொறந்துச்சு. ஒரு நாள் கொழந்தவேலு தாம்பூலத் தட்டோட வந்து நிக்கறான். சம்சாரம் தவறுனவன், தனியா வந்தான். அவன் பொண்ணு தாரணிக்குக் கல்யாணம். தொட்டியில காலை நனைச்சுட்டு, கையைக் கழுவிட்டு உள்ள வந்தான். யாரும் சொல்லலை. பழக்கம் விடலை. தட்டைக் குடுத்தான். வாங்கிக்கிட்டேன். எந்திரிச்சுப் போறவன் வாசல்ல நின்னு சொல்றான், "மாமா, தாரணி கல்யாணத்துக்கு வெளிய லைட்டு போடலீங்க. சீரியல் செட்டும் இல்லீங்க. உங்க குரோயர் இருக்குது."

"அது உன்ற இஷ்டம்"னேன்.

முந்தின நாள் பொழுதோட வரவேற்பு. வசந்தாமணி காலையிலயே போயிட்டா, அத்தைக்காரி, சீர் செய்யோணும். பிருந்தாவும் போயிட்டா. நான் அப்புறம் வர்றேன்னு சொல்லீட்டேன். தீனி வண்டி வர்ற நாள். வரலை. ஆனா வந்திருந்தா ஆளு வேணும்ல?

இருட்டுக் கட்டிருச்சு. இங்க நின்னு பாக்கறேன். காரு வருது, வேன் வருது. எறங்கறவங்க வழி தெரியாமத் தடுமாறறாங்க. செல்போன் வெளிச்சத்துல சேலையைத் தூக்கிப் பிடிச்சுட்டுப் பொம்பளைங்க நடக்கறாங்க. நாதஸ்வரம் கேக்குது, ஆனா மொகப்பு பூரா இருட்டு. ஒரு வேன் நம்ம கேட்டுல வந்து நின்னுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போல. வயசான ஒருத்தர் தலையை நீட்டி, "ஏனுங்க, கல்யாண வீடு இதுங்களா? அக்கட்ட ஏதோ எழவு வீடாட்டம் இருக்குது"ன்னாரு.

எழவு வீடு. அந்தப் புள்ளை தாரணி. நடக்கப் பழகினதே இந்தத் தீனி மூட்டைங்களுக்கு நடுவுலதான்.

ஒண்ணும் யோசிக்கலைங்க. ரோட்டைத் தாண்டினேன். பண்ணையில போட்டிருந்த அதே சட்டை. கொழந்தவேலு வாசல்ல நின்னு, வர்றவங்களுக்கு டார்ச்சு அடிச்சுட்டிருந்தான். என்னையப் பாத்ததும் டார்ச்சைத் தாழ்த்திக்கிட்டான்.

"லைட்டைப் போடுடா"ன்னேன்.

"மாமா, கோழிங்க..."

"ஒரு நாள் வெளிச்சத்துல ஒண்ணும் ஆகாது. தெனமும் பட்டுட்டே இருந்தாத்தான் ஆகும். போடு."

அவன் என்னையவே பாத்துட்டு நின்னான். பிருந்தா பக்கத்துலதான் சந்தனக் கிண்ணத்தோட நின்னா. அவளும் பாத்தா. நீங்களும் அப்படிப் பாக்காதீங்க. நான் முன்ன சொன்னதுக்கும் இதுக்கும் முரண் இல்லை. அறிவியல்ல ஒரு நாள் வேற, பல நாள் வேற.

அவன் உள்ள போயி சுவிட்சைப் போட்டான். வசந்தாமணின்னு எரிஞ்சுது. கூட்டம் பூரா ஓன்னு கத்துச்சு. சமையல் பண்ற எடத்துல இருந்து அவளே வெளிய வந்து பாத்தா. என்னைய அங்க பாத்துட்டு, சேலைத் தலைப்பால மூஞ்சியைத் தொடைச்சுட்டு உள்ள போயிட்டா. வேர்வையா இருக்கும். அடுப்புக்கிட்ட நின்னவ.

அவன் திரும்பி எங்கிட்ட வந்தான். "மாமா, சாப்பிடலாங்களா"ன்னான். அப்பத்தாங்க பாத்தேன். அந்தச் செகப்பு வெளிச்சத்துலயே தெரியுது, தலை பூரா நரைச்சுப்போச்சு. மீசையும்தான். என்னைவிட எத்தனையோ சின்னவன். அத்தனை நாள் கட்டில்ல உக்காந்து அந்தப் பக்கமே பாத்துட்டிருந்தேன், இது எனக்குத் தெரியலை.

காரணம் என்னங்கறீங்க? வெளிச்சம்தான். தெனம் அதுக்கு அடியிலயே உக்காந்திருந்தா எல்லாம் சீக்கிரம் முத்திரும். மண்டபம் வேண்டாம்னு நான் அப்பவே நினைச்சேன். அவன் கேக்கலை. பந்தியில பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லீட்டேன், இனி மத்தியானத்துல அங்க உக்காந்து சாப்பிடாதே, வேப்பமரத்தடிக்கு வந்துரு, அங்க நெழலு, தலைக்கு நல்லதுன்னு.

"சரிங்க மாமா"ன்னான். எதுத்து ஒரு வார்த்தை பேசறானா பாருங்க.